மசினகுடி போகிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, பொங்கல் லீவுக்கு மசினகுடி போகலாமா என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. சரி, போகலாம். ஆனால் யானை வழித்தடத்தில் இல்லாத தங்குமிடமாக விசாரித்துப் பிடிப்போம். முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் இணைக்கும் சீகூர் யானை வழித்தடம் அந்தப் பக்கம்தான். அதை அறிவித்த 2010 அரசாணை சரியே என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொல்லிவிட்டது. ஒரு பக்கம் நீலகிரிச் சரிவு, மறுபக்கம் மாயாற்றுப் பள்ளம். நடுவில் விடுதிக்காரர்கள் மின்வேலி போட்டால் யானை எங்கே போகும்? 2021 ஜனவரியில், விடுதிக்காரர்கள் நெருப்பை வீசி விரட்டியதில் காதில் தீயோடு பிளிறி ஓடிய யானையின் வீடியோ மசினகுடியில் எடுத்ததுதான். அந்த யானை பிழைக்கவில்லை.

இரவு ஜீப் சவாரி என்று யார் ஆசைகாட்டினாலும் வேண்டாம்.

வேன் ஏற்பாடு பற்றி ஞாயிறு காலை 7 மணிக்கு பெசன்ட் நகர் பீச்சில் பேசுவோம். வருகிறவர்கள் இன்று இரவுக்குள் பெயர் போடுங்கள்.