கத்திப்பிடி விவகாரம்

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மச்சான்,

கத்தி வந்து சேர்ந்தது. உன் மருமகன்தான் கொண்டுவந்து தந்தான். நல்ல பிள்ளை, உன்னைப்போல இல்லை. ரீ குடித்தான், இரண்டு கேள்விக்கு ஒரு பதில் சொன்னான், புறாமலை பார்க்கவேண்டும் என்று கிளம்பிவிட்டான். திரும்பிப் போகும்போது இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடுகிறேன். வட்ஸப் இருக்க ஏன் இந்தக் கூத்து என்று கேட்பாய். காரணம் பிறகு வரும்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்தது. இப்போது மூலையில் கிடக்கிற தூசியெல்லாம் தெரிகிறதாம், என் மனுசிக்கு நிம்மதி போயிற்று. பெரியவள் கம்பஸ் முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். கட்டையன் உன்னிடமும் கடன் கேட்பான். கொடுக்காதே. கொடுத்தால் எனக்குத் தரவேண்டியதை முதலில் கழித்துவிட்டுக் கொடு.

சரி, கத்திக்கு வருவோம்.

பொதியைப் பிரித்ததும் மனுசி கேட்டாள், “இதுக்குப் பிடி எங்கே?” அவள் கேட்டதில் பிழையில்லை. நீ அனுப்பியது கத்தி இல்லை, கத்தியின் எலும்புக்கூடு. மூன்று அங்குல அலகு, அதே இரும்பு பின்னால் நீண்டு மூன்று ஓட்டையோடு பிடி என்ற பெயரில் நிற்கிறது. நாலு மில்லிமீட்டர் தடிப்பு. அலகு அருமை, அதை ஒத்துக்கொள்கிறேன். தங்கூசியை, அதுதான் மீன்பிடி நைலோன் நூலை, வைத்து இழுத்தால் சத்தமே இல்லாமல் போகிறது. ஆனால் கை மீன் பிசுக்கோடோ எண்ணெயோடோ இருந்தால் அந்த வெறும் இரும்பை யார் பிடிப்பது?

நீயும் அதை யோசித்துத்தான் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டுக் கயிறும், “இதைச் சுற்று, வேறு ஒன்றும் யோசிக்காதே” என்று ஒரு துண்டும் வைத்திருந்தாய். யோசிக்காதே என்று எனக்குச் சொன்னால் என்ன நடக்கும் என்று நாற்பது வருசமாகத் தெரிந்தவன் நீ.

பரசூட் கயிறு நல்ல கயிறுதான். 550 இறாத்தல், அதாவது 250 கிலோ வரை தாங்கும் என்று உறையில் போட்டிருக்கிறது. கத்தியில் அவ்வளவு பாரத்துக்கு நான் எதைத் தொங்கவிடப்போகிறேன், உன்னையா? உனக்கே பாதிக் கயிறு போதும். நீ சொன்னபடியே சுற்றினேன். உள்ளே இருக்கிற ஏழு இழைகளையும் உருவிவிட்டு, வெறும் வெளியுறையைத் தண்ணீரில் நனைத்து இழுத்துச் சுற்றினால், காயும்போது நைலோன் சுருங்கி இரும்பை இறுக்கிப் பிடிக்கிறது. பார்க்க வடிவு. பிடித்தால் கைக்குள் அழகாக நிற்கிறது.

கடையில் ஒரு கிழமை கிடந்ததும் கத்தி மீனாகிவிட்டது மச்சான். எனக்குத் திருத்த வருகிற படகு என்ஜின்கள் எங்கேயிருந்து வருகின்றன என்று உனக்குத் தெரியும். திருக்கடலூரில் இருந்து ஒருவன் கொண்டுவந்தால், காற்றாடியில் சுற்றிய வலையோடும் வலையில் கிடக்கிற செதிலோடும்தான் கொண்டுவருவான். அந்தத் தங்கூசியை முழுதாக வெட்டி எடுக்காவிட்டால் அது தண்டுக்குள் புகுந்து, தண்ணீரைத் தடுக்கிற ‘சீல்’ வளையத்தை அறுக்கும், அப்புறம் கியர் பெட்டிக்குள் கடல்தண்ணீர். கத்தி எனக்கு வேண்டியதே இந்த வேலைக்குத்தான். உன் கயிறு அந்தத் தண்ணீர், இரத்தம், எண்ணெய் எல்லாவற்றையும் குடித்துவைத்துக்கொண்டது. பூனை வந்து மேசைக்குக் கீழே படுக்கத் தொடங்கிவிட்டது. அவிழ்த்துப் பார்த்தால், கயிறு ஒன்றை ஒன்று கடந்த இடமெல்லாம் இரும்பில் செம்மண் நிறத்தில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாகத் துரு. அலகில் 1095 என்று பொறித்திருக்கிறதே, அதற்கு அர்த்தம் அதுதான்: நூற்றுக்கு ஏறக்குறைய 0.95 பங்கு கரி உள்ள இரும்பு, குரோமியம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கூர் நன்றாக நிற்கும், துருவும் நன்றாக ஏறும். மேலே இருக்கிற கறுப்புப் பூச்சு கனடாவில் உன் ஸ்காபரோவுக்குப் போதும். இங்கே உப்புக்காற்றுக்கு அது ஒரு மரியாதைக்குத்தான்.

இடுப்பில் செருகிக்கொண்டு திரி என்றும் எழுதியிருந்தாய். உன் ஊரில் சரி. இங்கே இடுப்பில் கத்தியோடு மூதூர் பஸ் ஏறினால், பிடி எதால் செய்தது என்று பொலிஸ்காரன் கேட்கமாட்டான். அது கடைக்குள்ளேதான் இருக்கும், ஸ்பானர் தொங்குகிற பலகையில்.

இனி, வட்ஸப்பில் எழுதாத விசயம்.

என் வலக்கை மோதிர விரல் மடங்கினால் விரிய மறுக்கிறது. காலையில் எழும்பும்போது உள்ளங்கைக்குள் மடங்கியபடி கிடக்கும். மற்றக் கையால் இழுத்தால் டக் என்று ஒரு சத்தத்தோடு விரியும், கண்ணில் தண்ணீர் வரும். டொக்டரிடம் காட்டினேன். விரலை இழுக்கிற நாண் ஒரு வளையத்துக்குள்ளால் ஓடுகிறதாம், அங்கே வீங்கிச் சிக்கிக்கொள்கிறதாம். சீனி வருத்தக்காரருக்கு அதிகம் வருமாம். ஊசி போடலாம், ஆனால் கொஞ்ச நாளைக்குச் சீனி ஏறும் என்றார். சரிவராவிட்டால் சின்னதாக வெட்டி விடுவார்களாம். அவர் இலேசாகத்தான் சொன்னார், பயப்பட ஒன்றும் இல்லை என்று. மெல்லிய சாமான்களை இறுக்கிப் பிடித்து வேலை செய்யாதே என்றும் சொன்னார். என்ஜின் திருத்துகிறவனிடம்!

மனுசிக்குக் கை நோ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கை நின்றால் கடை நிற்கும். பெடியன் ஒருவன் இருக்கிறான், கெட்டிக்காரன்தான், ஆனால் காபரேட்டரைக் கழற்றினால் பூட்டும்போது எப்போதும் ஒரு சாமான் மிஞ்சும். இரவில் நித்திரை வராமல் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது. உனக்குச் சொல்கிறேன்.

ஆகவே, உன் கத்திக்குப் பிடி போடுவது எனக்கு விளையாட்டு இல்லை. மெல்லிய பிடியைத்தான் விரல்கள் முழுதாக மடங்கி இறுக்கவேண்டும். பிடி தடிப்பாக இருந்தால் விரல் அரைவாசி மடங்கினாலே போதும், அந்த நாண் சிக்குகிற இடத்துக்குப் போகவே தேவையில்லை. எனக்கு வேண்டியது கைநிறையத் தடிப்பு, தண்ணீர் குடிக்காத சாமான், பெற்றோலுக்கு அசையாத சாமான். அதோடு, பார்க்காமலே வெட்டுகிற பக்கம் எது என்று கைக்குத் தெரியவேண்டும்.

பக்கத்துக் கடைக்காரர் சைக்கிள் ரியூப்பை வார் வாராக வெட்டிச் சுற்றச் சொன்னார். ஈரத்தில் வழுக்காது, காசும் இல்லை. மீன் வெட்டுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் பெற்றோலும் எண்ணெயும் பட்டால் ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும், கையெல்லாம் கரி. தோல் என்றால் மாரி மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். கிரிக்கெட் மட்டைக்குப் போடுகிற ரப்பர் உறையை ஏற்று என்று நீ அடுத்த கடிதத்தில் எழுதுவாய், எனக்குத் தெரியும். மெக்கெய்சர் மைதானத்தில் அந்த உறை போட்ட மட்டைதான் உன் கையைவிட்டுப் பறந்து அம்பயர் வரைக்கும் போனது.

மான் கொம்பு பற்றி நீ ரெலிபோனில் சொன்னதை நான் கேட்காததாக வைத்துக்கொள்கிறேன். கோட்டைக்குள் மான்கள் இன்னும் திரிகின்றன, கோயிலுக்குப் போகிறவர்கள் படம் பிடிக்கிறார்கள். விழுந்த கொம்பாக இருந்தாலும் வனவிலங்குக்காரர் வந்து கேட்டால் அந்தக் கதையை நீயா வந்து சொல்லப்போகிறாய்?

மரம் யோசித்தேன். முதிரைத் துண்டொன்று கிடக்கிறது, பழைய கதவு நிலையில் அறுத்தது. இழைத்தால் மஞ்சள் பட்டுப்போல மினுங்கும். மனம் அதில்தான் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவ்வளவு வடிவான மரத்தைக் கிறீசுக்குள் போட மனம் வரவில்லை.

அப்புறம் திருக்கை. சிரிக்காதே. திருக்கை என்றதும் உனக்கு மாஸ்டர் அடிக்கிற திருக்கை வால்தான் ஞாபகம் வரும், எனக்கும் முதுகு ஒருமுறை கூசியது. நான் சொல்வது தோல். ஜப்பான்காரர் வாள்பிடிக்குத் திருக்கைத் தோலைத்தான் முதலில் ஒட்டுவார்கள், அதன்மேல்தான் நாடாவைக் குறுக்கும் மறுக்குமாகக் கட்டுவார்கள். தோலில் இருக்கிற மணிமணியான முள் நாடாவை நழுவவிடாது. மீன் கடையில் இலவசமாகத் தந்தான், ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு. சதையைச் சுரண்டிப் பலகையில் ஆணியடித்து வெயிலில் வைத்தேன். காய்ந்தபின் கல்லுப்போல ஆனது, விரலை வைத்தால் உண்மையாகவே பிடிக்கிறது. பதப்படுத்தாத தோல் என்பதால் நனைந்தால் திரும்ப இளகும், மணக்கும். வாளை யாரும் கடல்தண்ணீரில் கழுவமாட்டார்கள், நான் கத்தியை ஒவ்வொரு நாளும் கழுவுவேன். மனுசி அந்தப் பலகையை வளவுக்கு வெளியே வைத்தாள். காலையில் தோலும் இல்லை, நாய்க்கு ஒரே சந்தோசம்.

கடைசியில் பதில் உன்னிடமிருந்துதான் வந்தது, நீ அறியாமலே. நீ இடுப்பில் கட்டுகிற பச்சைக்கட்டச் சாரம் ஞாபகமிருக்கிறதா? 2002 சமாதான காலத்தில் வந்து நின்றபோது எங்கள் கொடியில் விட்டுவிட்டுப் போனது? இவ்வளவு காலமும் அது தையல் மெஷினை மூடிக்கொண்டு கிடந்தது.

மைக்காட்டா என்று ஒரு சாமான் உண்டு, நீ அனுப்பிய துண்டிலும் அந்தப் பெயர் இருந்தது, “விலை கூட” என்று. 1910 அளவில் வெஸ்டிங்ஹவுஸ் கொம்பனி மின்சாரச் சாமான்களுக்குக் காப்பாகச் செய்தது. துணியை அல்லது கடதாசியை அடுக்கி, பிசின் ஊற்றி, சூட்டில் அமுக்கி எடுத்த பலகை, அவ்வளவுதான். என் கடைக்கு இரண்டு வளவு தள்ளி ஃபைபர் படகு செய்கிறார்கள். அவர்கள் முழுநாளும் செய்வதும் அதே வேலைதானே? கண்ணாடி நார் போடுகிற இடத்தில் உன் சாரத்தைப் போட்டால் ஆயிற்று. அசல் பருத்தி, பிசினை நன்றாகக் குடித்தது. நைலோன் கலந்த துணியென்றால் ஒட்டாமல் பிரியும்.

படகுக்காரப் பெடியன் ஒரு போத்தல் பிசினும், சின்ன மூடியளவு ஹாட்னரும் தந்தான். கச்சான் அடிக்கிற காலம், நிழலிலேயே தகிக்கிறது. அந்தச் சூட்டில் ஹாட்னர் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போனால் பிசின் கோப்பைக்குள்ளேயே கொதித்துப் புகைந்து இறுகிவிடும் என்றான். துண்டு துண்டாக வெட்டின சாரத்தை ஒவ்வொன்றாக நனைத்து, பொலித்தீன் விரித்த இரண்டு பலகைக்கு நடுவில் அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே ஒரு பழுதாய்ப்போன என்ஜினையும் தூக்கி வைத்தேன். அடுத்த நாள் எடுத்தால் உன் சாரம் பலகையாகிவிட்டது. தட்டினால் டொக் டொக் என்கிறது.

ஈர்வாளால் அறுத்து இப்போது எமரிப் பேப்பரால் உருட்டிக்கொண்டிருக்கிறேன். தண்ணீருக்குள் வைத்துத்தான் தேய்க்கிறேன், அந்தத் தூள் சுவாசப்பைக்குக் கூடாது. விளிம்பை உருட்ட உருட்ட மடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளியே வருகின்றன. பச்சை, வெள்ளை, பச்சை, வெள்ளை என்று, பூமிசாஸ்திரப் படத்தில் மலைக்குப் போடுகிற கோடுபோல. 220 இலக்க எமரிப் பேப்பரோடு நிறுத்திவிடுவேன். மினுக்கினால் கண்ணாடியாகிக் கைநழுவும். இப்படிக் கரடாக விட்டால் நனையும்போது நூல் நுனிகள் எழும்பி இன்னும் நன்றாகப் பிடிக்கும். கீழ்ப்பக்கம் சுட்டுவிரல் நிற்க ஒரு பள்ளம் போட்டிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அலகு எந்தப் பக்கம் என்று தெரியும். பூட்டாமல் வெறுமனே சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். மோதிர விரல் பாதியில் நிற்கிறது, சிக்கவில்லை.

மிச்சம் இருக்கிற பிரச்சினை பூட்டுவது. ஒட்டிவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு விருப்பமில்லை. எப்படி ஒட்டினாலும் ஒரு நாள் உப்புத்தண்ணீர் உள்ளே போகும், போனபின் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. கழற்றக்கூடியதாக இருந்தால் வாடைக்கு முன் ஒருமுறை கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசிப் பூட்டலாம். பித்தளை ஆணியும் வேண்டாம், உப்புத்தண்ணீரில் பித்தளைக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புதான் முதலில் அரிக்கும். ஸ்ரெயின்லெஸ்ஸும் அந்தக் குணம்தான், கிறீஸ் இருந்தால் சமாளிக்கலாம்.

ஆகவே எனக்கு வேண்டியது, இரண்டு பக்கமும் தலையுள்ள திருகாணி. ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் அதற்குள் போகிற ஆணி. உங்கள் கடைகளில் சிக்காகோ ஸ்குறூ என்று கேள். ஓட்டை 5 மில்லிமீட்டர், இரும்பும் இரண்டு பலகையும் சேர்ந்து 16 மில்லிமீட்டர். ஸ்ரெயின்லெஸ் மூன்று சோடி, தொலைக்கிறதுக்கு ஒரு சோடி. யாராவது வருகிறபோது கொடுத்துவிடு. சொக்லேட் வைக்காதே, சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஊசி போடுவதா, கொஞ்சம் பொறுப்பதா என்று நீயும் யோசித்துச் சொல். உன் அண்ணருக்கும் இதே விரல் வருத்தம் வந்ததாக ஒரு காலத்தில் கேள்விப்பட்டேன், அவர் என்ன செய்தார்? கேட்டு எழுது, ஆனால் எனக்கென்று சொல்லாதே. உன் மனுசிக்கு மூச்சும் விடாதே. அவளுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிசம் என் மனுசியின் ரெலிபோன் சத்தம் போடும்.

உன்,
கறுவல்