நம் உலையின் சொந்த ஊர்

அன்புள்ள முருகேசா,

சர்க்கரை எப்படி இருக்கிறது? சாயங்கால டீயோடு ரெண்டு முறுக்கு இன்னமும் ஓடுவதாகத் தங்கச்சி என் வீட்டுக்காரியிடம் போனில் போட்டுக்கொடுத்துவிட்டது, அதனால் மறைக்காதே. நாங்கள் பெண் வீட்டுக்கு, ஃபின்லாந்தில் டாம்பரே ஊருக்கு, வந்து ஆறு வாரம் ஆகிறது. பேரன் என்னிடம் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஃபின்னிஷ் என்று வெளுத்து வாங்குகிறான். எனக்குத்தான் ராத்திரி பதினொன்றுக்கும் வெளிச்சம் போகாத இந்த ஊரில் தூக்கம் பிடிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை போரி போகும் ரயிலில் ஏறி ஹர்யவல்தாவில் இறங்கினேன். பெயர் ஞாபகம் இருக்கிறதா? வடக்கே நாம் குப்பை கொட்டிய செம்பு ஆலையில், செம்பு உருக்கும் ஃப்ளாஷ் ஃபர்னஸைப் பற்றிப் பாடம் எடுத்தவர்கள் வாய்க்கு வாய் சொன்ன ஊர். ஏழாயிரம் பேர் இருந்தால் அதிகம். கொகெமாகி ஆறு, பைன் மரங்கள், அதற்கு மேலே தலை நீட்டும் புகைபோக்கி, அவ்வளவுதான் ஊர். உள்ளே யாரும் விடவில்லை, நானும் கேட்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் அரை மணி நேரம் நின்றேன். மூக்கு பழக்கதோஷத்தில் கந்தக நெடியைத் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

நாம் அந்த உலையைப் பரீட்சைக்குப் படித்தது எப்படி? தாதுவிலேயே கந்தகமும் இரும்பும் இருக்கிறது, அதுவே எரிபொருள், பொடியை நன்றாகக் காயவைத்துச் சூடான காற்றோடு மேலேயிருந்து ஊதினால் விழும்போதே எரிந்து உருகிவிடும், கீழே செம்பு செறிந்த ‘மேட்’ உருகலும் கசடும் தனித்தனியே பிரிந்து நிற்கும், கந்தக டை ஆக்சைடு அடர்த்தியாக வருவதால் அமிலத்துக்கு அனுப்பிவிடலாம். எவனோ புத்திசாலி ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு போர் இருந்தது என்று நமக்கு ஒரு வாத்தியாரும் சொல்லவில்லையே!

ஃபின்லாந்தில் நிலக்கரி கிடையாது. கிழக்கே அவுட்டோகும்புவில் 1910இல் செம்புத் தாது கிடைத்தது, கம்பெனிக்கும் அதே பெயர், அரசாங்கத்துச் சொத்து. கரி இல்லாதவன் எதில் உருக்குவான்? ஆறு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. அதனால் 1936இல் இமாத்ராவில், வுஒக்ஸி ஆற்று மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, மின்சார உலை வைத்துச் செம்பு உருக்கினார்கள். அந்த நாளில் உலகத்திலேயே பெரிய மின்சாரச் செம்பு உலை அதுதான். ஆனால் இமாத்ரா இருப்பது ரஷ்யா பக்கம். 1939 கடைசியில் சோவியத் படை உள்ளே வந்தது, அந்தக் குளிர்காலப் போர் ஓய்ந்து, 1941இல் ஜெர்மனியோடு சேர்ந்து இவர்களே மறுபடி இறங்கி, 1944இல் தோற்று நிற்கும்போது எல்லைக்கோடு ஏறக்குறைய இமாத்ராவின் வாசல்படிக்கே வந்துவிட்டது.

அப்போது செய்த காரியம்தான் என்னை வேலியோரம் அரை மணி நேரம் நிறுத்தியது. உருக்காலையையே கழற்றி மேற்கே ஹர்யவல்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாம் ஒரு கன்வெர்ட்டர் உலைக்குச் செங்கல் மாற்றவே எத்தனை நாள் நாக்குத் தள்ள நின்றோம், நினைத்துப் பார். இவர்கள் தோற்றுக்கொண்டிருக்கிற போருக்கு நடுவில் ஆலையையே ரயிலேற்றியிருக்கிறார்கள். ஹர்யவல்தாவில் 1939இலேயே கட்டிய அணையும் மின் நிலையமும் இருந்தன, மின்பகுப்பில் செம்பைச் சுத்திகரிக்கும் ஆலை பக்கத்துப் போரியில், முப்பது கிலோமீட்டர். 1945இல் உலை மறுபடி எரிந்தது.

ஆனால் மின்சாரம் எங்கே? கிழக்கே கரேலியாப் பகுதியை சோவியத்துக்கு விட்டுக்கொடுத்ததில் நாட்டின் நீர்மின் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அது போதாதென்று 30 கோடி டாலர் போர் ஈட்டுத்தொகை, அதையும் கப்பல், இயந்திரம், காகிதம், கேபிள் என்று பொருளாகவே கட்ட வேண்டும். கேபிளுக்குச் செம்பு வேண்டும், செம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் தரும் அணைகளோ ஈட்டுத்தொகை கேட்கிறவனிடமே போய்விட்டன. இந்த நெருக்கடியில்தான் பேத்ரி ப்ரிக், யோன் ரிசெலின் என்ற கம்பெனி இன்ஜினியர்கள் இரண்டு பேரும் கந்தகத்தின் பக்கம் திரும்பினார்கள். மின்சார உலையில் அந்தக் கந்தகம் சும்மா புகையாகப் போய்க்கொண்டிருந்தது. 1949இல் முதல் ஃப்ளாஷ் உலை இங்கே ஓடத் தொடங்கியது. ஈட்டுத்தொகையை 1952இல் கட்டி முடித்தார்கள், ஹெல்சிங்கியில் ஒலிம்பிக்ஸ் நடந்த அதே வருஷம். உரிமம் வாங்கி 1956இல் ஜப்பானில் அஷியோ ஆலை இதே உலையை ஓட்டியது, அப்புறம் ஊர் ஊராகப் பரவி, எழுபதுகளில் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. உனக்கும் எனக்கும் சோறு போட்டது.

(கனடாக்காரர்களும் ஏறக்குறைய அதே சமயத்தில் சுத்த ஆக்சிஜன் ஊதி ஒன்றைச் செய்துவிட்டார்கள் என்று நீ உடனே எழுதுவாய். தெரியும், வை.)

எழுதும்போதே அந்த ஆகஸ்ட் ராத்திரி ஞாபகம் வருகிறது. பொடி காயவைக்கும் டிரையர் மக்கர் பண்ணி ஈரப்பொடி உலைக்குள் போய்விட்டது, எரியாமலே கீழே குவிந்து களி மாதிரி உட்கார்ந்துகொண்டது, நீயும் நானும் அந்த பிகாரி ஃபோர்மேனும் ஆக்சிஜன் லான்ஸ் குழாயை வைத்துக்கொண்டு விடிய விடியக் குத்தினோமே. காலையில் தொண்டை முழுக்கப் புளிப்பு. வெல்லக் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு கேன்டீன் வாசலில் உட்கார்ந்திருந்தோம், நீ மட்டும், "இதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால்" என்று ஆரம்பித்து முடிக்காமலே தூங்கிப்போனாய். கண்டுபிடித்தவர்களில் ப்ரிக் அப்புறம் அந்த அவுட்டோகும்பு கம்பெனிக்கே தலைவராகி 1972 வரை இருந்தார். உன் கையில் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

செம்புக் கதையை விட நிக்கல் கதை இன்னும் விசேஷம். வடகோடியில் பெத்சாமோ என்று ஒரு பகுதி, 1920இலிருந்து ஃபின்லாந்து கையில் இருந்தது. அங்கே நிக்கல் கிடைத்து, கனடாவின் இன்கோ கம்பெனி உரிமம் வாங்கிச் சுரங்கமும் உருக்காலையும் கட்டியது, போர்க்காலத்தில் அந்த நிக்கல் ஜெர்மனிக்குப் போனது, 1944இல் பின்வாங்கும்போது ஜெர்மானியர்களே உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், மிச்சம் சோவியத்துக்கு. இன்கோவுக்கு நஷ்டஈடாக சோவியத் 2 கோடி டாலர் கொடுத்தது. இழந்த நிக்கலை ஃபின்லாந்துக்காரர்கள் அப்புறம் தங்கள் மண்ணிலேயே கொதலஹ்தியில் கண்டுபிடித்து, 1959இல் ஹர்யவல்தாவில் நிக்கலுக்கும் ஒரு ஃப்ளாஷ் உலை வைத்து, மறுவருஷமே சுத்திகரிப்பு ஆலையும் திறந்தார்கள். இங்கேதான் வேடிக்கை. அவுட்டோகும்பு கம்பெனி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும் என்று ஒதுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் விற்றது. செம்பு ஸ்வீடனின் பொலிடனுக்குப் போனது, நிக்கல் சுத்திகரிப்பு ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு. அவர்களிடமிருந்து 2007இல் வாங்கியது யார் தெரியுமா? ரஷ்யாவின் நோரில்ஸ்க் நிக்கல். பழைய பெத்சாமோ ஆலையும் அவர்களுடையதுதான், 2020 கடைசியில் மூடும் வரை. எல்லைக்கு அந்தப் பக்கத்து நிக்கல், அரைகுறையாய் உருக்கிய ‘மேட்’ ஆக ரயிலேறி இந்தப் பக்கமே சுத்திகரிப்புக்கு வருகிறது. உக்ரைன் போர் தொடங்கி, ஃபின்லாந்து நேட்டோவில் சேர்ந்த பிறகும் அந்த ஆலையின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன், "அப்படியா மாமா" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டார்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஊர் என்றும் நினைத்துவிடாதே. ஆலைக்குப் பக்கத்துக் காட்டில் நடந்து பார்த்தேன். இந்த நாட்டில் எங்கே பார்த்தாலும் மரத்தடியில் மெத்தை போட்ட மாதிரி பாசி இருக்கும், அங்கே கூட்டிவிட்ட களம் மாதிரி வெறும் தரை, மேலே காய்ந்த ஊசியிலை. செம்பும் நிக்கலும் மண்ணில் ஊறிக் கிடக்கின்றன, துர்க்கு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அங்கே சின்னப் பறவைகளுக்கு என்ன ஆகிறது என்று வருஷக்கணக்காக ஆராய்கிறார்கள். 2014 ஜூலையில் நிக்கல் ஆலையிலிருந்து 66 டன் நிக்கல் ஆற்றில் கலந்து, ஆற்று மட்டிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்துதான் பெண் கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது, இருந்தாலும் கை கழுவ மனசு வரவில்லை.

அடுத்த மாதம் 12ஆம் தேதி திருச்சி வந்து இறங்குகிறேன். உனக்கு ஒரு 50 சென்ட் நாணயம் எடுத்து வைத்திருக்கிறேன், பின்னால் ஃபின்லாந்துச் சிங்கம் போட்டது. அந்த மஞ்சள் உலோகமும் அவுட்டோகும்புக்காரர்கள் கண்டுபிடித்ததுதான். நார்டிக் தங்கம் என்று பெயர், தங்கம் ஒரு குன்றிமணி கூடக் கிடையாது. செம்பு 89, அலுமினியம் 5, துத்தநாகம் 5, வெள்ளீயம் 1. நகைக்கடைத் தெருவில் கொண்டுபோய் உரசிப் பார்த்துவிடாதே.

முறுக்கைக் குறை.

உன்
சேகர்