தாமிரபரணியில் விடுவது எந்த மீன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றில் மீன்குஞ்சு விடும் விழாப் படம் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பக்கத்தில் வந்துவிடுகிறது. பாலிதீன் பையைச் சாய்த்துப் பிடித்தபடி ஐந்தாறு பேர், பின்னணியில் படித்துறை. பைக்குள் இருப்பது எந்த மீன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தாமிரபரணியின் மேற்பகுதியில், அதாவது பாபநாசத்தை ஒட்டிய மலையடிவாரத்தில், இதைக் கேட்டே ஆக வேண்டும்.

பொதுவாக விடப்படுபவை கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் வடக்கத்திச் சமவெளி ஆறுகளின் மீன்கள். மழை வெள்ளம் கரை தாண்டிப் பரவி, ஆழமில்லாத வெதுவெதுப்பான நீர் நிற்கும் இடத்தில்தான் இவை முட்டையிடும். மலையடிவாரத்தில் அப்படி இடம் ஏது? பண்ணைக் குளத்தில் வளர்ந்த விரல் நீளக் குஞ்சுக்குப் பாறை இடுக்கில் பாயும் நீரை எதிர்த்து நிற்க வராது. அடித்துக்கொண்டு போய் அடுத்த அணைக்கட்டுத் தேக்கத்தில் சேரும். கூடவே மீன் உடலில் ஒட்டி வாழும் மீன்பேனும் சேரும். பண்ணையில் வலை வீசி அள்ளும்போது கலந்துவிட்ட ஜிலேபிக் குஞ்சும் சேரும். ஜிலேபி என்று நாம் சொல்லும் மொசாம்பிக் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். அதனால் ஆற்றின் அடித்தளம் எவ்வளவு கெட்டாலும் அதற்குக் கவலையில்லை. கவலையெல்லாம் இந்த ஆற்றுக்கே உரிய மீன்களுக்குத்தான்.

ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் நூல் நூலாகக் கதிர் நீளும் ஒரு கெண்டை இங்கே உண்டு. மீனியல் அறிஞர் ஈ.ஜி. சைலஸ் 1950-களில் விவரித்து, ஆற்றின் பெயரையே அதற்கு இட்டார். களக்காட்டின் பெயரைத் தாங்கிய கல்லொட்டி மீன் ஒன்றும் உண்டு. வாயடியில் வட்டு போல் உள்ள உறுப்பால் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். மணலில் புதையும் அயிரையைப் பற்றி நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, குழம்பில் பார்த்திருப்பார்கள்.

ஓடையில் வாழும் கெண்டை வகைகள் பலவும் முட்டையைச் சரளைக் கற்களுக்கிடையே உதிர்த்துவிட்டுப் போய்விடும். பொரிக்கச் சில நாள் ஆகும். அந்த நாள்களில் கல் இடுக்கு வழியே நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டல் அடைத்தால் மூச்சு முட்டி முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே இங்கே மீன் குறைவதற்குக் குஞ்சு போதாமை காரணமல்ல, முட்டை பொரிக்கும் இடம் கெடுவதே காரணம்.

அதைக் கெடுப்பவற்றில் முதலில் சொல்ல வேண்டியது துணி. பரிகாரம் முடித்துப் பாபநாசத்தில் விட்டுச்செல்லும் வேட்டியும் சேலையும் ஆபாசம், அசுத்தம் என்றே பேசப்படுகின்றன. அடியில் நடப்பது வேறு. நனைந்த துணி கல்லில் சிக்கி விரிந்துகொள்ளும். அதன்மேல் மணல் படியும். கீழே உள்ள சரளைக்கு நீரும் வெளிச்சமும் நின்றுபோகும். பாசி வளராது, கல்லொட்டிக்கு உணவில்லை. மேலே மிதப்பதை மட்டும் பொறுக்கினால் பயனில்லை. கோடையில் நீர் முழங்காலளவு இருக்கும்போது கையால் இழுத்தெடுக்க வேண்டும். கொக்கி போட்டு இழுத்தால் சரளையும் பெயர்ந்து வரும்.

அடுத்தது ஜேசிபி. குளத்தில் தூர்வாருவதும் ஆற்றில் தூர்வாருவதும் ஒன்றல்ல. குளத்துக் களிமண் வெளியிலிருந்து வந்து படிந்தது. ஆற்றின் சரளை மேடோ அதன் சொந்த உடம்பு. நீர் சலசலத்து ஓடிக் காற்றைக் கலந்துகொள்ளும் இடமே அதுதான். அதைத் தோண்டினால் பள்ளத்தை நிரப்ப மேலிருந்து சரளை சரியும், அரிப்பு மேல்நோக்கி நகரும், கரை இடியும். பிறகு தடுப்புச்சுவர், அதற்கு ஒரு மதிப்பீடு! ஐயமிருப்பவர்கள் ஓட்டமுள்ள இடத்தில் கையளவு கல் ஒன்றைப் புரட்டிப் பார்க்கலாம். அடியில் மூன்று வால் கொண்ட தட்டைப் பூச்சி ஓடினால் அடித்தளம் இன்னும் உயிரோடிருக்கிறது. கல் வழவழத்துச் சேறு நாறினால் அங்கே எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டும் வீண்தான்.

நீர் திறப்பிலும் ஒரு திருத்தம் தேவை. மின்சாரத்துக்கோ பாசனத்துக்கோ திறந்த நீரை ஒரேயடியாக நிறுத்தும்போது, கரையோரக் குட்டைகளில் ஒதுங்கியிருந்த குஞ்சுகள் தனியே மாட்டிக்கொள்ளும். நண்பகலுக்குள் கொக்குக்கு இரையாகும். ஆற்றின் மட்டம் மணிக்கு அரை அடிக்கு மேல் இறங்காதபடி படிப்படியாக மூடலாம். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், மதகை இயக்கும் முறை எழுதிய பலகையில் ஒரு வரி போதும்.

இனி விலாங்கு. கடலில் பிறந்து ஆற்றில் வளரும் மீன் இது. ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலில் நுழையும் நூலளவு குஞ்சுக்கு முதலில் எதிர்ப்படும் சுவர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. மருதூர், சுத்தமல்லி, பழவூர், அரியநாயகிபுரம், கன்னடியன், நதியுண்ணி கடந்து கோடைமேலழகியான் எட்டாவது. பழைய கற்கட்டுகளின் சரிவில் ஈரக்கசிவும் பாசியும் இருந்தால் குஞ்சு ஊர்ந்து ஏறிவிடும். மராமத்து என்று செங்குத்தாகக் கான்கிரீட் பூசிவிட்டால் அந்த வழி அடைபடும். ஒரு முழ அகலச் சாய்வுத் தொட்டியில் தென்னைநார்ப் பாயைப் பதித்து, மேலே சன்னமாக நீர் வழிய விட்டால் விலாங்குக் குஞ்சு நாரைப் பற்றி ஏறும். செலவு சொற்பம். கெண்டைக்கு அது போதாது. ஓரத்தில் கல் பாவிய வாய்க்கால் வேண்டும். 20 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாத சரிவில். 6 அடி உயர அணைக்கட்டுக்கு 120 அடி நீளம். வாய்க்காலின் கீழ்வாய் அணைக்கட்டின் காலடியிலேயே திறக்க வேண்டும். மீன் நீர் விழும் இடத்துக்கு வந்துதான் வழி தேடும். தள்ளிப்போய் வைத்தால் பக்கத்தில் வழியிருந்தும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். மீன்வழி கட்டியும் பலனில்லை என்று கைவிடப்படுவதற்குப் பெரும்பாலும் இந்தப் பிழையே காரணம்.

மீன்வளத் துறையும் நீர்வளத் துறையும் அடுத்த விழாவுக்கு முன் இரண்டு செய்தால் போதும். விடப்போகும் குஞ்சு என்ன இனம், எந்தப் பண்ணையிலிருந்து, எந்த ஆற்றுத் தாய்மீனிலிருந்து வந்தது என்பதை விடும் இடத்திலேயே தமிழில் எழுதி வைக்கட்டும். எட்டு அணைக்கட்டுகளில் எதற்கு இனி மராமத்து மதிப்பீடு போட்டாலும் மீன்வழிக்கு ஒரு பத்தி சேர்க்கட்டும். முதலாவது ஸ்ரீவைகுண்டமாக இருக்க வேண்டும். கீழே வழியில்லாமல் மேலே ஏழு இடத்தில் கட்டினாலும் விலாங்கு அங்கே வந்து சேராது.

இப்படிக்கு,
வாசகர், அம்பாசமுத்திரம்