விரல்விட்டு எண்ணியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஊக்க பானங்களை (எனர்ஜி டிரிங்க்) பற்றி வெளியான கட்டுரையில், "அரசுத் தரவுகளின்படி இவற்றால் நேர்ந்த மரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே" என்றொரு வரி இருந்தது. கிராம நிர்வாக அலுவலராக முப்பது ஆண்டுகள் இறப்புப் பதிவேட்டைக் கைப்பட எழுதியவன் என்ற முறையில், அந்த விரல்கள் யாருடையவை என்று அறிய விரும்புகிறேன்.

தாங்கள் அறியாததல்ல, 2012 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்ட விவரத்தில் '5-ஹவர் எனர்ஜி' என்ற ஊக்க பானம் தொடர்பாக 13 மரணங்களும் 'மான்ஸ்டர்' என்ற பானம் தொடர்பாக 5 மரணங்களும் இருந்தன. அவை தம்மிடம் வந்த புகார்களின் கணக்கு மட்டுமே, பானம்தான் காரணம் என்பதற்குச் சான்றல்ல என்று அந்த நிர்வாகமே சொன்னது. நியாயம்தான். ஆனால் புகார் வராத இடத்தில் சாவும் இல்லை என்று கட்டுரையாளர் எப்படிக் கண்டார்? 2011 டிசம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்தில் இரண்டு பெரிய 'மான்ஸ்டர்' கேன்கள் குடித்தபின், ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். 'மான்ஸ்டர்' பற்றிய புகார்கள் வெளியே வந்ததே, அவளுடைய தாய் தகவல் கேட்டு விண்ணப்பித்துப் பெற்றதால்தான்.

நம் நாட்டுக் கணக்கு இதைவிட விசேஷம். 2020இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். மற்றவற்றுக்கு வீட்டார் சொன்னதே காரணம். இரவெல்லாம் சரக்கு வண்டி ஓட்டிவந்த 23 வயதுப் பையன் ஒருவன் வீட்டுத் திண்ணையில் சரிந்து இறந்தபோது, அவன் மாமா சொன்னபடி நான் 'நெஞ்சுவலி' என்று எழுதினேன். வண்டிக்குள் இருபது ரூபாய் பானத்தின் காலி பாட்டில்கள் நான்கைந்து உருண்டு கிடந்ததைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. பானம்தான் அவனைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. இனி யாராலும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாதபடி எழுதிவைத்தவன் நான் என்பதே என் வருத்தம். தங்கள் கட்டுரையாளருக்கோ அது மரணம் இல்லாமையின் ஆதாரமாகிவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் தேர்வுக்கால இணைப்பில், பிளஸ் டூ மாணவர்கள் இரவில் விழித்திருக்க இதே பானங்கள் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. குழந்தைகளுக்கு உகந்ததல்ல, நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் அருந்தக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டுமென உணவுப் பாதுகாப்பு விதி இருப்பதைச் சுட்டி அப்போதே எழுதினேன். (பூதக்கண்ணாடி இருந்தால் தாங்களும் வாசிக்கலாம்.) இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று பதில் வந்தது. அந்த இதழின் பின்னட்டை முழுவதும் அந்தப் பானத்தின் விளம்பரம். அதற்கு இடம் இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்த எண்கள் வந்து சேர்ந்த புகார்களின் எண்ணிக்கையே, மரணங்களின் எண்ணிக்கை அல்ல என்று அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் வெளியிட்டால் போதும். விளம்பரத்துக்கு அடியில் இடம் கிடைத்தாலும் சரி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
துறையூர்.