குழுவிலிருந்து நீக்குவதா பதில்?

ஆசிரியருக்கு,

டெல்லி மயூர் விஹாரில் நாங்கள் குடியிருக்கும் வளாகத்தில் போன கோடையில் குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தது. ஒரு மாமி அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். செயலாளரோ, முதலில் மெயின்டனன்ஸ் பாக்கியைக் கட்டுங்கள் என்று சீறி, மாமியைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். தண்ணீர் மட்டும் தெளியவில்லை.

இப்போது வந்திருப்பவர் வேறு ரகம். அதே புகார் எழுந்ததும், குறை சொன்னவரையே அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார். "தவறு எங்களுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவுகிறோம், பழைய குழாயை மாற்ற இப்போதைக்குப் பணமில்லை" என்று குழுவிலேயே எழுதினார். முடியாததையும் சொன்னதால்தான் முடியும் என்றதை நம்பினோம்.

இதே டெல்லியில் 1948-ல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் வார இதழ் தொடங்கியபோது, என்னையும் விட்டுவைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் பிரதமர் நேரு. சங்கரும் சளைக்காமல் வரைந்து தள்ளினார். அதற்கும் முன்பே, 1937-ல், காங்கிரஸ் தலைவராக இருந்துகொண்டே 'சாணக்யா' என்ற புனைபெயரில், ஜவாஹர்லால் சர்வாதிகாரியாகிவிடக்கூடும் என்று கட்டுரை எழுதியவரும் அவரேதான். அவ்வளவு தூரம் யாரும் போக வேண்டாம்!

வாய்க்கு வந்தபடி வசைபாடுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவுன்சிலரோ, தமிழ் அமைப்பின் நிர்வாகியோ, புகார் வந்தால் எழுதியவர் எந்தக் கட்சி, எந்த அணி என்று துருவாமல், என்றைக்கு ஆள் வரும் என்று சொல்லட்டும்.

— ஒரு வாசகர், மயூர் விஹார், டெல்லி