நகரைச் சுற்றிக் காட்டும் படங்களும் நகரில் வாழும் படங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பயணச் சிறப்பிதழில், உலகின் புகழ்பெற்ற நகரங்களின் உயிர்ப்பைத் திரையில் பிடித்த படங்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். ரோமுக்கு 'ரோமன் ஹாலிடே', பாரிசுக்கு 'அமெலி', வியன்னாவுக்கு 'பிஃபோர் சன்ரைஸ்', டோக்கியோவுக்கு 'லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' என ஊருக்கு ஒன்றாகத் தொகுத்திருந்த அந்தப் பட்டியலில் மோசமான படம் என்று எதையும் தள்ள முடியாது. ஆனால் அவற்றுள் மூன்று படங்களின் நாயக நாயகியர் அந்த ஊரில் வந்து தங்கிப் போகிறவர்கள்: ஒருநாள் விடுதலை பெற்ற இளவரசி, ரயிலை விட்டு இறங்கிய இரு இளைஞர்கள், விளம்பரப் படத்துக்காக வந்த நடிகர். பாரிஸ்வாசியான அமெலி வாழும் மோன்மார்த்தர் பகுதியோ, சுவர்க் கிறுக்கல்கள் துடைக்கப்பட்டு, நிறங்கள் கணினியில் திருத்தப்பட்டுக் கிடைத்த மோன்மார்த்தர். விருந்தாளிக்குத் தெரியும் ஊரும் ஓர் ஊர்தான் என்றாலும், அங்கேயே பிழைத்தாக வேண்டியவரை ஒரு நகரம் எப்படி நடத்துகிறது என்பதைக் காட்டிய படங்களுக்கு அந்தக் கட்டுரை இடமே தரவில்லை என்பதுதான் என் குறை.

ரோமையே எடுத்துக்கொள்கிறேன். வில்லியம் வைலரின் 'ரோமன் ஹாலிடே' 1953இல் வெளிவந்தது. படம் முழுவதும் ரோமிலேயே எடுக்கப்பட்டது என்பதைத் தொடக்க எழுத்திலேயே பெருமையோடு அறிவித்துக்கொண்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1948இல், விட்டோரியோ டி சிகா அதே நகரத்தில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுத்திருந்தார். முன்னதில் வெஸ்பா ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டால் ரோம் முழுவதும் ஒரு பிற்பகலுக்குள் அடங்கிவிடுகிறது. பின்னதில், நகரின் விளிம்பில் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கிவர வேண்டிய ஒரு குடியிருப்பில் வாழும் அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சொந்த மிதிவண்டி இருந்தால்தான் அந்த வேலை. அடகுக் கடையில் கிடக்கும் வண்டியை மீட்பதற்காக அவன் மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை உருவிக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள். வேலையில் சேர்ந்த முதல் நாளே, அவன் ஏணியில் நின்று ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவர்த்தின் படம் போட்ட சுவரொட்டியைத் தடவிக்கொண்டிருக்கும்போது வண்டி களவு போகிறது.

அதன் பிறகு தகப்பனும் மகனும் தேடி அலைவதுதான் படம். திருட்டு வண்டிகள் கழற்றப்பட்டுச் சக்கரம் ஓரிடம், மணி ஓரிடம், காற்றடிக்கும் பம்பு ஓரிடம் என்று விற்பனைக்குக் கிடக்கும் ஞாயிற்றுச் சந்தைகளில் ரோமின் இன்னொரு பொருளாதாரம் நம் கண்ணில் படுகிறது. போர்தா போர்தேசே சந்தையில் மழை பிடித்துக்கொள்ள, இருவரும் சுவரோரம் ஒதுங்கும்போது, அவர்கள் அருகில் வேற்றுமொழி பேசும் இளம் குருமாணவர்கள் கூட்டமாக வந்து நின்று, இவர்களை ஏறிட்டும் பாராமல் கலகலத்துக்கொண்டிருக்கிறார்கள். கதைக்கு எந்த வகையிலும் தேவைப்படாத அந்தச் சில விநாடிகளை வேறெந்த ஊரிலும் எடுத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசியில், கால்பந்து மைதானத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான மிதிவண்டிகள் வரிசையாக நிற்க, நடைபாதை விளிம்பில் மகனோடு உட்கார்ந்திருக்கும் அந்தோனியோவின் பார்வை, சற்றுத் தள்ளி ஒரு வாசலில் தனியாகச் சாத்தியிருக்கும் ஒரு வண்டியின் மேல் போய்ப் போய் வருகிறது. அந்தோனியோவாக நடித்தவர் தொழில்முறை நடிகரல்லர், ஆலைத் தொழிலாளி. படத்தில் கொலோசியமோ திரெவி நீரூற்றோ முக்கியமாக இல்லை. ஆனாலும் நகரின் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையிலான தொலைவு ஒரு ஏழையின் காலுக்கு எவ்வளவு என்பதை அளந்து சொன்ன படம் அது. ரோமுக்கு ஒரே படம்தான் என்றால் என் வாக்கு இதற்கே.

'உள்ளபடியான இடத்துக்கே போய் எடுத்ததால்தான் இப்படங்கள் உண்மையாக இருக்கின்றன' என்ற கட்டுரையாளரின் வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபெலினியின் 'லா டோல்சே விட்டா'வில் திரெவி நீரூற்றுக் காட்சி அந்த நீரூற்றிலேயே எடுக்கப்பட்டதுதான்; ஆனால் அந்தப் படத்தால் உலகப் புகழ் பெற்ற வியா வெனெத்தோ வீதியின் பெரும்பகுதி சினெசித்தா ஸ்டூடியோவில் போட்ட செட். உண்மையான வீதி ஏற்றமாக இருக்கும். செட் சமதளமாக இருந்தது. 1942இல் வந்த 'காசாபிளாங்கா' குழுவினர் மொராக்கோ பக்கமே போகாமல் கலிபோர்னியாவில் எடுத்து முடித்தார்கள். காசாபிளாங்கா ஊர்க்காரர்கள் அதில் பின்னணிக்கு மேல் இல்லை என்பது அதன் பெரிய குறை. எனினும், வெளியேறும் ஆவணத்துக்காகக் காத்துக் கிடப்பவர்களின் தவிப்பு அதில் பொய்யாக ஒலிக்காததற்கு, துணைப் பாத்திரங்களில் நடித்த பலர் ஐரோப்பாவிலிருந்து நாஜிகளுக்கு அஞ்சி வெளியேறியவர்கள் என்பதும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், 2004இல் அசல் காசாபிளாங்காவில், படத்தில் வரும் விடுதியின் சாயலில் 'ரிக்ஸ் கஃபே' என்றே ஓர் உணவகம் திறக்கப்பட்டது.

வியன்னாவைப் பொறுத்தவரை, 'பிஃபோர் சன்ரைஸ்' படத்தில் காதலர்கள் முதல் முத்தம் பகிரும் அதே ராட்டினத்தில்தான், 1949இல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தில் கலப்பட பெனிசிலின் விற்ற ஹாரி லைம், கீழே நடமாடும் மனிதர்களை வெறும் புள்ளிகளாகக் காட்டிப் பேரம் பேசுகிறான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நான்கு வல்லரசுகள் கூறுபோட்டுக் காவல் காத்த, இடிபாடுகள் அகற்றப்படாத வியன்னா அது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்குமாறு வாசகர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

டோக்கியோவில்தான் கட்டுரையின் தேர்வு என்னை மிகவும் ஏமாற்றியது. சோஃபியா கோப்பலாவின் படம் உயர்ந்த ஹோட்டல் ஒன்றின் சன்னல் வழியே நகரத்தைப் பார்க்கிறது. ஊர் புரியாமல் நிற்கும் இருவரின் தனிமையைச் சொல்ல அது பொருத்தமான வழியே. ஆனால் பயணத்தையும் நகரத்தையும் பற்றி ஒரு சிறப்பிதழ் வெளியிடும்போது யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யை (1953) எப்படி விட முடிந்தது? ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் முதியவர்களின் கதை அது. மருத்துவரான மூத்த மகன் ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக் காட்டப் புறப்படும் நேரத்தில் ஒரு நோயாளிக்காக ஓட வேண்டியதாகிறது. போரில் இறந்த இன்னொரு மகனின் மனைவி நோரிகோதான் அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு, மாமனார் மாமியாரைச் சுற்றுலாப் பேருந்தில் அழைத்துப் போகிறாள். வழிகாட்டிப் பெண் இடங்களை விவரித்துக்கொண்டே வர, பயணிகளின் தலைகள் வண்டியின் குலுங்கலுக்கேற்ப ஒன்றாக ஆடுகின்றன. அரண்மனையும் கட்டடங்களும் சன்னலில் நகர்ந்து மறைகின்றன. பிறகு ஓர் உயரமான கட்டடத்தின் வெளிப்படியில் நின்று, மூத்தவர் வீடு இந்தப் பக்கம், நாத்தனார் வீடு அந்தப் பக்கம் என்று நோரிகோ கையை நீட்டிக் காட்டுகிறாள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் முடிந்து, நெருங்க முடியாத பிள்ளைகளின் திசைகள் மட்டும் மிஞ்சும் அந்த ஒரு காட்சியில் பெருநகரம் குடும்பத்துக்குச் செய்தது முழுவதும் இருக்கிறது. அடுத்து, செலவு குறைவென்று பிள்ளைகள் அவர்களை அத்தாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்ப, இரவெல்லாம் ஆட்டமும் பாட்டுமாக இருக்கும் அங்கே அவர்களால் உறங்க முடிவதில்லை. சுற்றுலாத் தலம் ஒன்றைப் பற்றி இதைவிடக் கறாரான திரை விமர்சனத்தை நான் பார்த்ததில்லை.

படங்கள் ஊர்களின் ஆவணமாகவும் ஆகிவிடுகின்றன என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. விம் வெண்டர்ஸின் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' 1987இல் வந்தபோது பெர்லினின் போட்ஸ்டாமர் சதுக்கம், நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவரை ஒட்டிய பொட்டல். ஒரு முதியவர் தம் இளமையில் அங்கிருந்த கடைகளைத் தேடித் தடுமாறுவார். இரண்டே ஆண்டுகளில் சுவர் விழுந்தது, அந்தப் பொட்டலில் பின்னர் கோபுரங்கள் எழுந்தன. நம் 'உலகம் சுற்றும் வாலிப'னையே பாருங்கள். 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியை அது வண்ணத்தில் பதிந்து வைத்திருக்கிறது. அந்த அரங்குகளில் பெரும்பாலானவை இன்று இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வந்த 'தி பீச்' படத்தால் புகழடைந்த தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் கூட்டம் பெருகிப் பவளப்பாறைகள் சிதைந்ததால், 2018 ஜூனில் மூடப்பட்ட அந்தக் கடற்கரை 2022 ஜனவரியில்தான் மறுபடி திறக்கப்பட்டது. 'படம் பார்த்த கையோடு பயணச்சீட்டு எடுங்கள்' என்று வாசகரைத் தூண்டும் கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்க வேண்டும்.

அடுத்த முறை இத்தகைய பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு நகருக்கும் இரண்டு படங்களைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்: வந்து போகிறவர் பார்த்த ஊர் ஒன்று, அங்கேயே இருப்பவர் பார்த்த ஊர் ஒன்று. ஹாங்காங்குக்கு வொங் கார் வாயின் 'சங்கிங் எக்ஸ்பிரஸ்' (1994) இரண்டாம் வகையில் சேரும். 1993இல் திறக்கப்பட்ட, காலையில் கீழ்நோக்கியும் பிறகு மேல்நோக்கியும் ஓடும் மலைச்சரிவு நகரும் படிகளும், அவற்றிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் ஒரு காவலரின் அறையும் அதில் கதையையே நகர்த்துகின்றன. கொல்கத்தாவுக்குச் சத்யஜித் ரேயின் 'மகாநகர்' (1963) இருக்கிறது. டிராம் வண்டியின் கம்பம் மேலே மின்கம்பியை உரசிச் செல்லும் காட்சியில் தொடங்கி, வீட்டுக்கு வீடு ஏறிப் பின்னல் இயந்திரம் விற்கப் போகும் ஒரு குடும்பப் பெண்ணின் பின்னால் செல்லும் படம் அது. ஒவ்வொரு படத்துடனும் வெளியான ஆண்டையும், எந்தப் பகுதி உள்ள இடத்தில் எடுக்கப்பட்டது, எது செட் என்பதையும் ஒரு வரியில் குறித்துவிட்டால், பயணம் கிளம்புகிறவர்களுக்கும் அது பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்