அப்பாவின் கணக்கு நோட்டில் மாம்பூ

கும்பகோணம்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் மூட்டு வலி கொஞ்சம் படுத்துகிறது.

பரணை ஒழித்தபோது அப்பாவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. நெல் விற்றது, நடவாள் கூலி என்று போகிற வரிகளுக்கு நடுவே "கொல்லை மா பூ கண்டது", "குளக்கரை இலுப்பை கொட்ட ஆரம்பம்" என்றும் எழுதியிருக்கிறார். நாலு நாளாக வேறு வேலையே ஓடவில்லை.

ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி பூக்கும் நாளைப் பழைய நாட்குறிப்புகளை வைத்தே கி.பி. 812ஆம் வருஷம் வரை பின்னோக்கிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2021இல் மார்ச் 26 அன்றே முழுதாகப் பூத்துவிட்டது. அதுவரை அவர்கள் கணக்கில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை. அப்பா எழுதியதும் அந்த ஜாதிதானே!

ஒரு நோட்டில் "விகாரி" என்று வருஷப் பெயர் மட்டும் இருந்தது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயராச்சே. 1899ஆ, 1959ஆ என்று குழம்பினேன். உள்ளே கூலிக் கணக்கில் "நயா பைசா" வந்ததும் சந்தேகம் தீர்ந்தது. அந்தக் காசு 1957இல்தானே வந்தது. அந்த விகாரி வருஷப் பிறப்புக்கு "மரத்தில் பூ இல்லை, பழைய வற்றல் பூவில் பச்சடி" என்று எழுதியிருக்கிறார். வேம்பு அந்த வருஷம் பிந்தியிருக்கிறது.

ஆனாலும் எல்லா வரியையும் ஒரே மாதிரி நம்பக் கூடாது என்று படுகிறது. கொல்லை மாமரத்தடியில்தான் அப்பா தினமும் பல் விளக்குவார், அதனால் அந்தத் தேதி சரியாக இருக்கும். இலுப்பை அவர் குளத்துப் பக்கம் போன அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கும். எழுதாத வருஷம் பூக்காத வருஷமும் இல்லை. அப்புறம், நம்மூர் மாவுக்கு வெயில் மட்டும் கணக்கில்லை. மழை ஓய்ந்து, ராத்திரிக் குளிர் கொஞ்ச நாள் நிலைக்க வேண்டும். தை வரை மழை இழுத்தால் பூவுக்குப் பதில் தளிர்தான் வரும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழை பற்றி அவர் எழுதியதையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு வருகிறேன்.

உன்னிடம் ஒரு உதவி. நீ விடுதியில் இருந்தபோது உன் அம்மா மாவடு போட்ட சேதியை வருஷா வருஷம் எழுதுவாரே, அந்தக் கடிதங்கள் இருக்கின்றனவா? தபால் முத்திரையில் தேதி இருக்கும். தேடிப் பார்த்து அனுப்பு.

அந்த மாமரம் இன்னும் நிற்கிறது. இந்த வருஷத் தேதியை அதே நோட்டில் நான் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்